ஐந்தாம் கட்டிலில் நான் சொன்ன ஆமாம்

ஈரலில் சீழ் கட்டி, முப்பத்தொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்தவன் நான். அப்படிப் பிழைத்து வந்தவர்கள் வழக்கமாக இரண்டு விஷயம் சொல்வார்கள். டாக்டர் தெய்வம் மாதிரி. ஆஸ்பத்திரிக் கஞ்சியை வாயில் வைக்க முடியாது. என் விஷயத்திலும் இரண்டும் உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல இத்தனை காகிதம் வேண்டாம். அந்த முப்பத்தொரு நாளில் நான் ஒரு பொய் சொன்னேன், அதற்கு வேறொருத்தி அடிபட்டாள். நோயைப் பற்றி எழுதிவிட்டு அதை விட்டுவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

எண்பதுகளின் தொடக்கம். போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை போய்த் திரும்பும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், அரிசி மூட்டை, கோழிக்கூடை எல்லாம் எங்கள் பஸ்ஸில்தான் மலை ஏறும். எனக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது.

காய்ச்சல் சாயங்காலம் மட்டும் வந்தது. குளிர் தூக்கிப் போடும், வியர்த்து விடும், காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். வளைவில் பஸ் குலுங்கும்போது அந்த வலி வலது தோள்பட்டையில் போய்க் குத்தும். தோளில் வலிக்கிறதே என்று தைலம் தேய்த்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினேன். ஒரு நாள் புலியூத்து வளைவுக்கு மேலே படிக்கட்டில் நின்றபடியே கண் இருட்டியது. டிரைவர் பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போனார்.

போடியில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் பேர் இங்கே வேண்டாம். நர்ஸ் பயிற்சிப் பள்ளி ஒன்றும் அதோடு சேர்ந்தது. டாக்டர் என்னைப் படுக்க வைத்து, விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு விரலால் அழுத்தினார். நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு அதிலேயே பாதி தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அடுத்த கேள்வி, "குடிப்பீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பேச்சியம்மாள் முந்திக்கொண்டாள். "டாக்டரய்யா, இவுக பீடி கூடத் தொட மாட்டாக. ஊர்ல யாரைய வேணா கேளுங்க."

"தண்ணி?"

"அதான் சொல்றேன்ல, தொட மாட்டாக."

"சாதாரணத் தண்ணியம்மா. எங்க குடிப்பாரு?"

அதுதான் சங்கதி. மலைப்பாதையில் வழியில் வடியும் ஓடைத் தண்ணீரைத்தான் நாங்கள் கையால் ஏந்திக் குடிப்போம். அமீபா என்று ஒரு கிருமி, கண்ணுக்குத் தெரியாது, கெட்ட தண்ணீரோடு குடலுக்குள் போகிறது. அங்கே சீதபேதியாக வெளிப்பட்டால் நல்லது. சில பேருக்குச் சத்தமில்லாமல் ரத்தத்தில் ஏறி ஈரலுக்குப் போய்விடுகிறது. அங்கே தசையைக் கரைத்துச் சீழாக்குகிறது. எக்ஸ்ரே படத்தில் என் வலது பக்கம் ஒரு மேடு தெரிந்தது. மறுநாள் மரத்துப்போகும் ஊசி ஒன்று போட்டுவிட்டு, பெரிய ஊசியை விலாவுக்குள் இறக்கி உறிஞ்சினார்கள். வந்தது கருப்பட்டிக் காபி நிறத்தில் இருந்தது. ஒரு செம்பு அளவு. அது என்னுடையது என்று நம்பவே முடியவில்லை.

மிச்சத்தைக் கரைக்க மாத்திரையும், பத்து நாளுக்கு இடுப்பில் ஒரு ஊசியும். "இந்த ஊசி இதயத்தக் கொஞ்சம் படுத்தும். கட்டிலை விட்டு எறங்கப்படாது" என்றார் டாக்டர். சரி என்றேன். டாக்டர் எது சொன்னாலும் சரி என்பதுதானே நம் வழக்கம்.

ஆண்கள் வார்டு கிழமேலாக நீண்ட ஒரு கூடம். தெற்குச் சுவரோரம் ஒன்று முதல் பத்து வரை, வடக்குச் சுவரோரம் பதினொன்று முதல் இருபது வரை. கட்டிலின் தலைப்பக்கம் சுவரை ஒட்டியிருக்கும். நோயாளியின் சீட்டு கால்மாட்டில் தொங்கும். எனக்குப் பதினாலாம் நம்பர். அதாவது, வடக்கே தலை.

பேச்சியம்மாள் அன்று சாயங்காலமே இதைக் கண்டுபிடித்துவிட்டாள். "இதென்ன கூத்து? பொணத்தத்தான் இப்பிடிக் கிடத்துவாக. நீங்க ஒரு ராத்திரி இதுல படுக்கப்படாது."

தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிவிடலாமே என்றேன். அவள் சுவரைக் காட்டினாள். எங்களுக்கு முன்னால் படுத்திருந்தவர்கள் சொஸ்தமாகிப் போகும்போது ஆளுக்கொரு சாமி படத்தை அந்தச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வரிசையாக முருகன், மாரியம்மன், ஐயப்பன். சாமிக்குக் காலை நீட்டிப் படுப்பதா?

வடக்கு வரிசையில் படுத்த எல்லாருக்கும் இந்தச் சங்கடம் இருந்திருக்கிறது. அதற்கு ஒரு வழியும் ஏற்கெனவே இருந்தது. சாயங்கால ரவுண்ட்ஸ் முடிந்ததும் வடக்கு வரிசைக்காரன் தெற்கு வரிசையில் ஒத்துக்கொள்கிற ஆளாகப் பார்த்துக் கட்டிலை மாற்றிக்கொள்வான். காலையில் டாக்டர் வருவதற்குள் அவரவர் இடத்துக்கு வந்துவிடுவார்கள். வார்டு ஆள் மாடசாமி கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் விடுவார். வார்டு சிஸ்டருக்குத் தெரியும், பார்த்தும் பாராதது மாதிரி போய்விடுவார். பழைய நர்சுகள் முகம் பார்த்து மருந்து கொடுப்பார்கள், நம்பரைப் பார்ப்பதில்லை. பஸ்ஸில் யாராவது சீட்டு மாறி உட்கார்ந்தால் சத்தம் போடுகிற நான், வாய் மூடிக்கொண்டு இதற்கு ஒத்துக்கொண்டேன்.

எனக்கு வாய்த்தவர் ஐந்தாம் நம்பர் தங்கையா. மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் காவல்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். பேச்சியம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டதும் அவர் சிரித்தார். "எனக்கு எந்தத் திக்கா இருந்தா எந்தாம்மா? சக்கரக்காரன், ராத்திரி நாலு மட்டம் ஒண்ணுக்குப் போகணும். பதினாலு கக்கூசு பக்கத்துல இருக்கு. எனக்குத்தான் லாபம்."

இப்படியாக ஆறு நாள் போயிற்று. ஆஸ்பத்திரியில் நேரம் நகர்வதே இல்லை. காய்ச்சல் குறைந்ததா என்று குழாயை வாயில் வைப்பார்கள், எழுதுவார்கள், போவார்கள். என்ன எழுதினார்கள் என்று யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. பேச்சியம்மாள் தினமும் எங்கள் ஊர் ராசிங்காபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் கஞ்சியும் துவையலும் கொண்டுவருவாள். எங்கள் டிரைவர் வார்டு ஜன்னலுக்கு நேராக வரும்போது ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவார். அதைக் கேட்டால்தான் எனக்கு மனசு நிம்மதியாகும்.

அந்த வார்டில் நோயாளியும் இல்லாத, நர்சும் இல்லாத ஒருவர் இருந்தார். விமலா என்று பேர், மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகவியல் ஆராய்ச்சி. மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காலை முதல் நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். வார்டில் அவருக்கு நோட்டு டீச்சர் என்று பேர். என்னம்மா எழுதுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"நர்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு வகுப்புல சொல்லிக் கொடுக்கிறது ஒண்ணு, வார்டுல நடக்கிறது ஒண்ணு. நடுவுல எங்க மாறுதுன்னு பாக்கிறேன். அது மாறுற இடத்துலதான் நோயாளிக்கு ஆபத்து வருது."

"அதுக்கு ஒரு படிப்பா?"

"நீங்க என்கிட்ட என்ன சொன்னாலும் பேரோட வெளிய போகாது. அப்படி வாக்குக் குடுத்துத்தான் இங்க உக்காந்திருக்கேன்" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் பிறகு அந்த வார்த்தைதான் என்னைப் போட்டு வாட்டியது.

ஏழாம் நாள் காலை. எனக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, இன்னொரு படமும் எடுக்க வேண்டியிருந்தது. அதனால் கஞ்சி கிடையாது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். ஆறரை மணி இருக்கும். நான் இன்னும் ஐந்தாம் கட்டிலில்தான் படுத்திருந்தேன். வழக்கமாக வருகிற நர்சுக்குப் பதில் ஒரு புதுப் பெண் தட்டோடு வந்தாள். நர்ஸ் பள்ளியில் இரண்டாம் வருஷம், இந்த வார்டில் அன்றுதான் முதல் காலை. செல்வராணி என்று பிறகு தெரிந்துகொண்டேன். கால்மாட்டில் தொங்கிய சீட்டை ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"தங்கையாண்ணே நீங்கதான?"

தூக்கக் கலக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். கலக்கம் ஒன்றும் இல்லை, நன்றாக விழித்திருந்தேன். இல்லை என்றால் கட்டில் மாறிய விஷயம் வெளிவரும். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொன்ன டாக்டருக்குத் தெரிந்துவிடும். எனக்கும் காலையில் ஊசி உண்டுதானே, எந்தக் கட்டிலில் போட்டால் என்ன என்று ஒரு அரைகுறைக் கணக்கு. இதையெல்லாம்விட, வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் எதையாவது கேட்டால் தலையாட்டியே பழகிவிட்டது.

"ஆமா" என்றேன்.

அன்றைய ஊசி இடுப்பில் இல்லை, கைத்தோலில். மெல்லிசான ஊசி. "வாழைப்பழத்துல ஊசி ஏத்துன மாதிரி வலிக்கவே இல்லையே, ஆத்தா" என்று அவளைப் பாராட்டவும் செய்தேன். அவள் முகமெல்லாம் சிரிப்பாகப் போனாள்.

அது இன்சுலின். சர்க்கரை வியாதிக்காரர்கள் ரத்தத்தில் கூடிப்போன சர்க்கரையைக் குறைக்கிற மருந்து. சர்க்கரை சரியாக இருக்கிறவனுக்கு, அதுவும் வெறும் வயிற்றில் கிடக்கிறவனுக்குப் போட்டால், இருக்கிற கொஞ்சத்தையும் அது இறக்கிவிடும். மூளைக்கு வேறு தீனி கிடையாதாம்.

மாடசாமி வந்து என்னைப் பதினாலுக்கு மாற்றினார். சற்று நேரத்தில் பயங்கரமாகப் பசித்தது. கை நடுங்கியது. பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுவரில் இருந்த முருகன் இரண்டாகத் தெரிந்தார். அதற்கு மேல் எனக்கு நினைவில்லை, பேச்சியம்மாள் சொல்லித்தான் தெரியும். அவள் தூக்குச்சட்டியோடு உள்ளே நுழைந்தபோது நான் வார்டுக்கே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேனாம். "போடிமெட்டு எறங்கு! வெரசா எறங்கு!" என்று கூச்சலாம். அவள் பேய் அடித்துவிட்டது என்று அலறியிருக்கிறாள்.

என்னைக் காப்பாற்றியது தங்கையாதான். "சிஸ்டரே, எனக்கு இன்னைக்கு ஊசி வரலியே" என்று ஐந்திலிருந்து அவர் குரல் கொடுத்திருக்கிறார். சிஸ்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓடினார். குளுக்கோஸை நேரே நரம்பில் ஏற்றினார்கள். ஊசி உருவுவதற்குள் எனக்குக் கண் தெரிந்தது. சுற்றி ஏழெட்டு முகம். கடைசியில் நின்ற செல்வராணி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு எதுவுமே புரியவில்லை, இட்லி இருக்கா என்றுதான் கேட்டேன்.

மறுநாள் விசாரணை. மேட்ரன், டாக்டர், சிஸ்டர் மூவரும் என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கட்டில் மாறியதை மறைக்க வழியில்லை, ஒத்துக்கொண்டேன். வடக்கே தலை விஷயத்தைப் பேச்சியம்மாள் விளக்கினாள். டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். மேட்ரன் என்னிடம் திரும்பினார்.

"கட்டில் மாறினது உங்க தப்பு, சரி. ஆனா கட்டில் நம்பரை நம்பி மருந்து குடுக்கக் கூடாது, பேர் கேக்கணும்னு எங்க பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம். கேட்டேன், ஆமான்னாருன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. கேட்டாளா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேச்சியம்மாளும் பார்த்தாள். இன்னொருத்தன் பேருக்கு ஆமாம் சொல்லி, நானே என் உயிருக்கு உலை வைத்துக்கொண்டேன் என்று அவள் முன்னால் எப்படிச் சொல்வது? ஊரெல்லாம் சிரிக்கும், பஸ் முதலாளி காதுக்குப் போகும்.

"ஞாபகமில்லீங்க" என்றேன்.

டாக்டர் எனக்கு உதவிக்கு வந்தார். "சர்க்கரை அவ்வளவு இறங்கினா நினைவு இருக்காதுதான்." அவர் நல்ல மனதோடு சொன்னார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

செல்வராணியைப் பயிற்சியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கேட்காததோடு கேட்டதாகப் பொய்யும் சொன்னாள் என்று தீர்ப்பு. வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து அவள் அப்பா வந்தார். முனியாண்டி என்று பேர், பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கூலி, அங்கேயே லைன் என்கிற வரிசை வீடுகளில் குடியிருப்பு. எங்கள் பஸ்ஸில்தான் ஏறுவார், முகம் தெரியும். துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் கட்டிலருகே வந்தார்.

"ஐயா, நான் செல்வராணி அப்பன்."

நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் அவர் குனிந்து என் இரண்டு காலிலும் நெற்றியை வைத்தார். போர்வைக்கு மேலேதான். ஆனாலும் அந்தச் சூடு தெரிந்தது.

"எம்பிள்ள தப்புப் பண்ணிருச்சு. எங்க லைன்ல பத்து தாண்டிப் படிச்ச மொத பிள்ள. கொலகாரியாகப் பாத்துச்சே பாவி. நீங்க மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கய்யா."

நான் காலை இழுத்துக்கொண்டிருக்கலாம், இழுக்கவில்லை. மரக்கட்டை மாதிரிக் கிடந்தேன். பேச்சியம்மாள்தான் பதறிப்போய் அவரைத் தூக்கினாள். "எந்திரிங்கண்ணே. சின்னப்பிள்ள, தெரியாம செஞ்சிருச்சு. நாங்க மனசுல ஒண்ணும் வைக்கல." கொண்டுவந்திருந்த காபியில் பாதியை அவருக்கு ஆற்றிக் கொடுத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு, மகளின் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். பின்னால் அவள் தலையைக் குனிந்தபடி நடந்தாள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

மத்தியானம் தங்கையா புண்காலை இழுத்துக்கொண்டு வந்து என் கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"கண்டக்டரே, அந்தக் கொச்சு என் பேரச் சொல்லித்தான கேட்டுச்சு? என்னத்தான் விளிக்குதுன்னு நான் எந்திரிக்கப் போனேன். அதுக்குள்ள நீரு ஆமான்னீரு."

"அப்ப நீங்க ஏன் மேட்ரன்ட்ட சொல்லல?"

"எங்கிட்ட யாரு கேட்டா?" என்றார். "எய்தவன் இருக்க அம்ப நோகுறாங்க. ம், நமக்கெந்தா." எழுந்து போய்விட்டார்.

உடம்பு அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காய்ச்சல் இல்லாமல் இருந்தது. எனக்கோ கஞ்சி இறங்கவில்லை. விமலாவைக் கூப்பிட்டு, அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நீங்க மேட்ரன்ட்ட சொல்லிருங்கம்மா. படிச்சவுக சொன்னா கேப்பாக."

அவர் நோட்டை மூடினார். "நான் சொல்ல முடியாது. யார் சொன்னதையும் பேரோட வெளிய விடமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது. "கட்டில் மாறுறது உங்களுக்கும் தெரியும்ல? எத்தன நாளா இந்த மூலைல உக்காந்து எழுதுறீங்க? அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா?"

"தெரியும்" என்றார். "எழுதிக்கிட்டுத்தான் இருந்தேன். பாக்கிறவ குறுக்க பூந்தா, அப்புறம் யாரும் எனக்கு எதையும் காட்டமாட்டாங்கன்னு நெனச்சேன். நேத்து ராத்திரி நானும் தூங்கல."

அந்தப் பதிலுக்குப் பிறகு அவரிடம் கோபப்பட முடியவில்லை. நானும் அவரும் ஒரே பஸ்தான். அவர் இன்னொன்றும் சொன்னார். பாடப் புத்தகத்தில் நோயாளியின் பெயரைச் சரிபார்க்கவும் என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறதாம், எப்படிக் கேட்பது என்று இல்லையாம். எல்லா நர்சுகளும் பேரைத் தாங்களே சொல்லித்தான் கேட்கிறார்கள், எல்லா நோயாளிகளும் ஆமாம் என்கிறார்கள், அவர் உட்கார்ந்த நாள் முதல் ஒருத்தர்கூட இல்லை என்று சொல்லிக் கேட்டதில்லையாம். "நீங்க மட்டும் இல்ல. ஆனா அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனது உங்க ஒரு வார்த்தையாலதான். அதை நீங்கதான் சொல்லணும்."

மேட்ரன் வந்ததும் சொல்லிவிட்டேன். ஒரு காகிதம் வாங்கி எழுதியும் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். "இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்று மட்டும் கேட்டார். பேச்சியம்மாள் அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. கஞ்சியை மட்டும் ஸ்பூனால் ஊட்டிவிட்டாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக.

ஒரு வாரத்தில் செல்வராணியைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் நடக்கலாம் என்று ஆனபின், வீட்டுக்குப் போகும் முன்னால், நர்ஸ் பள்ளி வகுப்பில் வந்து நடந்ததைச் சொல்ல முடியுமா என்று மேட்ரன் கேட்டார். விமலாவின் யோசனையாக இருக்க வேண்டும். இருபது பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், கடைசி வரிசையில் அவள். பஸ்ஸில் நூறு பேர் முன்னால் கத்துகிறவன்தான் நான். அங்கே குரல் எழும்பவில்லை. கட்டில் மாறியதிலிருந்து, ஞாபகமில்லை என்றது வரைக்கும் சொன்னேன்.

இனிமேல் பேரைச் சொல்லிக் கேட்காதீர்கள், உங்க பேர் என்ன என்று கேளுங்கள், அவர் வாயாலேயே வரட்டும் என்று மேட்ரன் அவர்களிடம் சொன்னார். மற்ற எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். செல்வராணி எழுதவில்லை. எழுந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க ஆமான்னு சொன்னது பரவால்ல. எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க. மேட்ரன் கேட்டப்ப ஞாபகமில்லேன்னீங்களே. அன்னைக்கே சொல்லியிருந்தா எங்கப்பா உங்க கால்ல விழுந்திருக்க மாட்டாருல்ல."

மன்னிச்சிரு ஆத்தா என்றேன்.

"எங்கிட்ட வேண்டாம்ணே. அவருட்ட கேளுங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

வேலையில் சேர்ந்த மறுவாரம் லீவு போட்டு, பயணியாக எங்கள் பஸ்ஸிலேயே ஏறிப் பூப்பாறைக்கு மேலே இறங்கி, ஏலச்செடிக்கு நடுவே இருந்த அந்த லைன் வீட்டைத் தேடிப் போனேன். என்னைக் கண்டதும் முனியாண்டி துண்டை இடுப்புக்கு இறக்கினார். நான் குனிந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். உங்கள் மகள் ஒரு தப்பும் செய்யவில்லை, பேர் கேட்டாள், நான்தான் பொய் சொன்னேன், விசாரணையிலும் பொய் சொன்னேன், நீங்கள்தான் மன்னிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக, தெளிவாக, இரண்டு தடவை சொன்னேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்து பக்கத்து வீடுகளைக் கூப்பிட்டார்.

"பாத்தீகளா? எம்பிள்ள செஞ்ச தப்பத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டு, அதுக்குப் படிப்பத் திருப்பி வாங்கிக் குடுத்து, மன்னிப்பும் கேக்க வந்திருக்காரு. இப்பிடி ஒரு மனுசன எங்கயாச்சும் பாத்திருக்கீகளா?"

இல்லைங்க, நிஜமாகவே என் தப்புதான் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். பால் இல்லாத கட்டஞ்சாயா வந்தது. வாழைப்பழம் வந்தது. எத்தனை தடவை சொல்லியும் அவர் நம்பவில்லை. அந்த லைனில் இன்றுவரை எனக்கு நல்ல பேர்.